463 படிகள்: ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்குக் கையேடு தேர்ந்தெடுத்ததும் பயன்படுத்தியதும்

2024 மே மாதம் நாங்கள் நான்கு பேர் இத்தாலிக்குப் போய்ப் பத்து இரவுகள் தங்கிவிட்டு வந்தோம். அம்மாவுக்கு அப்போது 67 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மகளுக்கு 11. நடுவில் நானும் என் கணவரும். நால்வரில் ஒருவரும் அதற்கு முன் அந்த நாட்டைப் பார்த்ததில்லை. குழுப் பயணத்தில் சேர்ந்தால் அம்மாவின் நடைக்காக முப்பது பேர் காத்திருக்க மாட்டார்கள் என்பதால் எல்லாவற்றையும் நாங்களே திட்டமிட்டோம். அதனால் ஒரு புத்தகத்தை நம்ப வேண்டிய கட்டாயம் வந்தது.

எந்தப் புத்தகத்தை ஏன் எடுத்தோம், அதில் எதை நம்பினோம், எங்கே அது எங்களைக் காப்பாற்றியது, எங்கே கைவிட்டது என்பதையெல்லாம் அப்போதே ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் இதை எழுதுகிறேன். இது இத்தாலியைப் பற்றிய பயணக் கட்டுரை அல்ல. வேறு எந்த நாட்டுக்குப் போகிறவர்களும் கையேட்டுக் கடையில் நிற்கும்போது உதவ வேண்டும் என்பதற்காக, எங்கள் ஒரு பயணத்தை எடுத்துக்கொண்டு பிரித்துப் பார்க்கிறேன்.

முதல் புத்தகமும் முதல் திட்டமும்

பயணம் முடிவானதும் தெரிந்தவர் ஒருவர் தன்னிடம் இருந்த இத்தாலிக் கையேட்டைக் கொடுத்தார். நாடு முழுவதற்குமான புத்தகம், ஆயிரம் பக்கத்துக்குக் கிட்டத்தட்ட. எடுத்த எடுப்பிலேயே எனக்கு அதன் மேல் மரியாதை வந்துவிட்டது. ஒவ்வொரு ஊருக்கும் முன்னால் 'தவறவிடக் கூடாதவை' என்று ஒரு பட்டியல் இருந்தது. நான் அந்தப் பட்டியல்களை அப்படியே எடுத்து ஒரு தாளில் இறக்கினேன். ரோம், ஃப்ளோரன்ஸ், பீசா, சியேனா, வெனிஸ், மிலான், பொம்பெய். பத்து நாளில் ஏழு ஊர்.

தாளை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல எங்கெங்க எத்தனை படி ஏறணும்? முதல்ல அதச் சொல்லு."

புத்தகத்தைத் திரும்பப் புரட்டினேன். ஃப்ளோரன்ஸ் தேவாலயத்தின் கோபுரக் குவிமாடத்தில் ஏறினால் ஊர் முழுவதும் தெரியும், மறக்க முடியாத காட்சி என்று இருந்தது. எத்தனை படி, லிஃப்ட் உண்டா என்று இல்லை. ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்துக்கு 'லிஃப்ட் வசதி உண்டு' என்று ஒரு வரி. பொம்பெய்க்கு 'அரை நாள் போதும்'. அவ்வளவுதான்.

அப்புறம்தான் புத்தகத்தின் முன்பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் பதிப்பு விவரங்களைப் பார்த்தேன். 2019. பெருந்தொற்றுக்கு முன்னால் அச்சானது. அதற்குப் பிறகு அருங்காட்சியகங்கள் பலவற்றில் நுழைவு முறையே மாறிவிட்டிருந்தது. முன்பதிவு இல்லாமல் வாசலில் போய் நின்று டிக்கெட் வாங்கும் பழக்கம் பல இடங்களில் குறைந்துவிட்டது. நான் போட்ட திட்டம் ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு நாட்டுக்கானது.

கடையில் ஒரு மதியம்

ஒரு சனிக்கிழமை மதியம் முழுவதையும் புத்தகக் கடையில் செலவழித்தேன். இத்தாலி அலமாரியில் ஏழெட்டு வகை இருந்தன. அட்டையைப் பார்த்தும் முதல் சில பக்கங்களைப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் ஒரே அழகு. எனவே வேறு ஒரு வழி செய்தேன். ஒரே இடத்தைப் பற்றி ஒவ்வொரு புத்தகமும் என்ன சொல்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துப் படித்தேன். இடம், அம்மாவின் கேள்வியைப் பொறுத்து, புனித பேதுரு பேராலயக் குவிமாடம்.

ஒரு புத்தகத்தில் படம் மிகப் பிரமாதம், ஏறுவது பற்றி எதுவும் இல்லை. இன்னொன்றில் பழைய புத்தகம் போலவே 'லிஃப்ட் உண்டு'. மூன்றாவதில் இப்படி இருந்தது, என் சொற்களில் சொல்கிறேன்: மொத்தம் 551 படிகள், லிஃப்ட் மொட்டைமாடி மட்டத்துக்குத்தான் போகும், அதற்குப் பிறகும் 320 படிகள் ஏற வேண்டும், மேலே போகப் போகச் சுவர் உள்பக்கமாகச் சாயும், பாதை குறுகும், நடுவில் மனம் மாறினாலும் திரும்ப இடமில்லை.

அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. 'லிஃப்ட் உண்டு' என்பது பொய் இல்லை. ஆனால் அந்த வரியை நம்பி அம்மாவை அழைத்துப் போயிருந்தால் மொட்டைமாடியில் நின்று என்ன செய்திருப்போம்? மூன்றாவது புத்தகத்தை எழுதியவர் அந்தப் படிகளில் தானே ஏறியிருக்கிறார் என்பது படிக்கும்போதே தெரிந்தது. சுவர் சாய்வதைப் பற்றி ஏறாதவர் எழுத முடியாது.

படி எண்ணுவது கையேடு எழுதுகிறவர்களின் பழைய வேலை. இந்த வகைப் புத்தகம் இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில். லண்டனில் ஜான் மர்ரி 1836இல் ஐரோப்பாவுக்கான கையேட்டை வெளியிட்டார். அதே காலத்தில் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் கார்ல் பேடெக்கர் தன் கையேடுகளைத் தொடங்கினார்; சிவப்பு அட்டை பின்னால் வந்தது. பேடெக்கரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. மிலான் பேராலயத்தில் ஏறும்போது அவர் இருபது படிக்கு ஒரு முறை சட்டைப்பையிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்துக் கால்சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டே போனாராம், எண்ணிக்கை தப்பாமல் இருக்க. இறங்கும்போது மறுபடி அதே கணக்கைச் சரிபார்த்தாராம். நடந்ததோ இல்லையோ, பட்டாணியோடு ஏறிய ஒருவர் எழுதிய புத்தகமா, மேசையில் உட்கார்ந்து பிற புத்தகங்களைப் பார்த்துத் தொகுத்ததா என்பதுதான் கடையில் நான் தேடிய வித்தியாசம்.

மற்ற சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிப்பு ஆண்டைப் பார்த்தேன்; நான் எடுத்தது 2023 தொடக்கத்தில் வந்தது. களத்தில் போய்ச் சேகரித்து, எழுதி, திருத்தி, அச்சிட்டு வருவதற்குள் ஒரு வருடமாவது ஓடிவிடும் என்பதால் உள்ளே இருக்கும் தகவல் 2022ஆம் ஆண்டினது என்று மனத்துக்குள் கழித்துக்கொண்டேன். நாங்கள் போகப்போகும் ஊர்களுக்கு எத்தனை பக்கம் என்று எண்ணினேன். பழைய தடிமனான புத்தகத்தில், கடைசியில் நாங்கள் போன மூன்று ஊர்களுக்கு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, மீதி முழுவதும் நாங்கள் காணப்போகாத மலைகளும் தீவுகளும். எழுதியவர் யார், யாருக்காக எழுதுகிறார் என்று முன்னுரையைப் படித்தேன். முதுகில் பையோடு விடுதி விடுதியாகத் தங்கும் இளைஞருக்காக எழுதப்பட்ட நல்ல புத்தகம், முழங்கால் வலிக்கும் ஒருவருக்கு நல்ல புத்தகமாக இருக்காது. இதில் தரம் பற்றிய பேச்சே இல்லை, பொருத்தம் பற்றியதுதான்.

கடைசியாக, எதையாவது 'வேண்டாம்' என்று சொல்கிறதா என்று தேடினேன். இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். எல்லாமே அருமை என்று எழுதும் புத்தகத்தை வைத்து ஒன்றையும் தீர்மானிக்க முடியாது. நான் எடுத்த புத்தகம் சில பிரபலமான இடங்களைப் பற்றி 'நேரம் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்' என்று நேராகச் சொன்னது, காரணத்தோடு.

மகளுக்குத் தனியாக ஒன்று வாங்கினோம். ரோமுக்கு மட்டுமான, படங்கள் நிறைந்த, கட்டடங்களை வெட்டி உள்ளே காட்டும் வரைபடங்கள் கொண்ட புத்தகம். அதில் திட்டம் போட ஒன்றும் இல்லை. ஆனால் விமானம் ஏறுவதற்கு முன்பே கொலோசியத்தின் தரைக்கு அடியில் விலங்குகளை மேலே தூக்கிய ஏற்பாட்டை அவள் எங்களுக்கு விளக்கும் அளவுக்கு அதைப் படித்திருந்தாள்.

கழித்தல்

புத்தகம் வந்த பிறகு மூன்று வாரம் எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. இந்த மூன்று வாரத்தில்தான் அது தன் விலைக்கு வேலை செய்தது.

அம்மா பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படிகள் வரும் இடமெல்லாம் ஓரத்தில் ஒரு சிறு ஏணி வரைந்தார், உட்கார இடம் இருப்பதாகச் சொல்லும் இடமெல்லாம் ஒரு நாற்காலி. ஒரு வாரத்தில் ஏணிகளும் நாற்காலிகளுமாகப் புத்தகமே வேறு மாதிரி ஆகிவிட்டது. எங்கே போகலாம் என்பது அந்தப் படங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

முதலில் போனது மிலான். லியொனார்டோ டா வின்சியின் கடைசி இராப்போசன ஓவியத்துக்காக மட்டும்தான் அதைச் சேர்த்திருந்தேன். அந்த அறைக்குள் ஒரு குழுவுக்குப் பதினைந்து நிமிடம்தான், அதுவும் வெகு முன்னாலேயே பதிவு செய்ய வேண்டும் என்று படித்ததும் என் கணவரே கோடு போட்டார். அடுத்தது பொம்பெய். 66 ஹெக்டேர் பரப்பு, பெரிய கற்கள் பாவிய மேடுபள்ளமான தெருக்கள், நிழல் குறைவு. பழைய புத்தகம் 'அரை நாள் போதும்' என்றது எந்தக் கால்களுக்கு என்று புரிந்தது. அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. சியேனா மலைமேல் ஊர், அதுவும் போயிற்று. பீசா மட்டும் ஃப்ளோரன்ஸிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பதால் அரை நாளுக்குத் தப்பியது.

ஏழு ஊர் மூன்றானது. ரோமில் நான்கு இரவு, ஃப்ளோரன்ஸில் மூன்று, வெனிஸில் மூன்று.

இன்னொரு திருத்தம் கிழமைகளால் வந்தது. என் முதல் திட்டத்தில் ஃப்ளோரன்ஸுக்கு ஒரே ஒரு முழு நாள், அது மே 13, திங்கட்கிழமை. உஃபிஸி அருங்காட்சியகமும் மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அகாதெமியாவும் திங்களன்று மூடியிருக்கும். புதிய புத்தகம் ஒவ்வொரு ஊரின் முதல் பக்கத்திலும் கிழமைவாரியாக எது மூடியிருக்கும் என்று ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தது. ரோமுக்கான கட்டத்தில், வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடல். புதன் காலையில் புனித பேதுரு சதுக்கத்தில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடந்தால் பேராலயத்துக்குள் போக முடியாது. இந்தக் கட்டங்களை வைத்துத்தான் ஊர்களின் வரிசையையே மாற்றினோம். சனிக்கிழமை ரோமில் இறங்கி, திங்களன்று வத்திக்கான், புதனன்று ரோமை விட்டுக் கிளம்பல். கையேடு வாங்குகிறவர்கள் கடையில் வைத்தே இந்தக் கட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. தகவல் பல புத்தகங்களில் இருக்கும். ஆனால் ஒவ்வொரு இடத்தின் அடியிலும் பொடி எழுத்தில் சிதறிக் கிடந்தால் திட்டம் போடும்போது கண்ணில் படாது.

அழுகும் தகவல், அழுகாத தகவல்

சமையலறையில் எதை வெளியே வைக்கலாம், எதை உடனே தீர்க்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். கையேட்டுக்கும் அதே கணக்குத்தான். கட்டணம், திறக்கும் நேரம், பதிவு முறை, பஸ் எண், உணவகம் எல்லாம் சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்கு. ஓர் இடம் ஏன் முக்கியம், உள்ளே போனால் எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், எத்தனை படி என்பதெல்லாம் வருடக்கணக்கில் கெடாது.

எனவே கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிறு மாலை, கெட்டுப்போகும் சரக்கை மட்டும் ஒவ்வொன்றாக அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் சரிபார்த்தோம். நான் புத்தகத்திலிருந்து வாசிக்க, என் கணவர் மடிக்கணினியில் பார்த்தார். மாறியிருந்ததைச் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதினோம்.

ரோமில் இருக்கும் பழைய பாந்தியன் கோவில் இலவசம் என்று இரண்டு புத்தகமும் சொன்னன. 2023 ஜூலையிலிருந்து 5 யூரோ கட்டணம் வந்துவிட்டது. 18 வயதுக்குக் கீழே இலவசம். ஒரு வருடப் பழைய புத்தகத்திலேயே இந்த நிலை. கொலோசியத்துக்கு 2023 அக்டோபர் முதல் டிக்கெட்டில் பார்வையாளர் பெயர் இருக்க வேண்டும், அடையாள அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். நாங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுத்து மாறாமல் பெயர் கொடுத்தோம். வெனிஸில் 2024 ஏப்ரல் 25 அன்று ஒரு புது நடைமுறை தொடங்கியது. குறிப்பிட்ட சில நாட்களில் பகல் மட்டும் வந்து போகிறவர்கள் அந்த வருடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ஊருக்குள் இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதையும் இணையத்தில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்த மே 18 சனிக்கிழமை அப்படிப்பட்ட ஒரு நாள். அந்த ஞாயிறு மாலை உட்காராமல் இருந்திருந்தால் இது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது, எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இதைப் பார்த்துவிட்டு என் கணவர், எல்லாம் இணையத்தில் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. யோசித்துத்தான் பதில் சொன்னேன். பாந்தியனுக்குக் கட்டணம் எவ்வளவு என்று தேட, பாந்தியன் என்று ஒன்று இருப்பதும் அது நமக்கு வேண்டும் என்பதும் முதலில் தெரிந்திருக்க வேண்டும். தேடுபொறி நாம் கேட்டதற்குப் பதில் சொல்லும். நாம் கேட்கத் தெரியாததைப் புத்தகம் சொல்லும். இரண்டும் வேண்டியிருந்தது, வேறு வேறு நாட்களில்.

ரோம்: முந்தைய இரவே படித்தல்

முதல் நாள் ஒரு தப்புச் செய்தோம். கொலோசியத்துக்குள் நின்று நான் புத்தகத்தைப் பிரித்து உரக்கப் படித்தேன். பின்னால் கூட்டம் தள்ளியது, வெயில் தாளின் மேல் அடித்தது, அம்மா என் வாயைப் பார்த்தார், மகள் வேறெங்கோ பார்த்தாள். பக்கம் முடிந்தபோது நானே எதையும் பார்த்திருக்கவில்லை.

அன்று இரவிலிருந்து முறையை மாற்றினோம். படுப்பதற்கு முன் அடுத்த நாளுக்கான பக்கங்களை யாராவது ஒருவர் படிப்பார், எல்லோரும் கேட்போம். ஆளுக்கு ஒரு விஷயத்தைத் தேடும் பொறுப்பு. இடத்துக்குப் போனதும் புத்தகம் பைக்குள்ளேயே இருக்கும்.

பாந்தியனில் இதன் பலனைப் பார்த்தேன். அதன் குவிமாடத்தின் நடுவில் ஏறக்குறைய 9 மீட்டர் அகலத்துக்குத் திறந்த வட்டம், கண்ணாடி ஏதும் கிடையாது. உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் தலையை அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். எங்கள் புத்தகம், பார்த்து முடித்ததும் தலையைக் குனிந்து தரையையும் பாருங்கள் என்றது. மழை நேரே உள்ளே விழுவதால் பளிங்குத் தரை நடுவில் லேசாகப் புடைத்து ஓரம் நோக்கிச் சரிகிறது. தண்ணீர் வடிய 22 சிறு துளைகள் இருக்கின்றன. தேடும் பொறுப்பு மகளுடையது. நடுப்பகுதியைக் கயிறு கட்டி மறைத்திருந்தார்கள். அவள் கயிற்றோரம் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாட்டி, இங்க பாருங்க, இங்க ஒண்ணு, அதோ அங்க ஒண்ணு!" அம்மா மெதுவாகக் குனிந்து பார்த்தார். சுற்றிலும் நூறு பேர் கூரையைப் படம் எடுத்துக்கொண்டிருக்க இவர்கள் இருவரும் தரையில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் 17 வரை கண்டுபிடித்தாள்.

இரண்டாயிரம் வருடத்துக்குச் சற்றுக் குறைவாக மழை விழுந்துகொண்டிருக்கும் ஒரு தளம் அது. அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் போயிருந்தால் நாங்களும் மேலே பார்த்துவிட்டு வந்திருப்போம்.

ஃப்ளோரன்ஸ்: 463

ஆயிரம் பக்கத்தைச் சுமக்க முடியாது. எங்களுடையது அவ்வளவு இல்லை என்றாலும் கனம்தான். வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே புத்தகத்தின் முதுகைக் கத்தியால் பிளந்து ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் என்று மூன்று பகுதியாக்கி, ஸ்டேப்ளர் அடித்து, ஓரத்தில் டேப் ஒட்டிக்கொண்டோம். புத்தகத்தை வெட்டுவது எனக்குக் கை வராத வேலை, என் கணவர்தான் செய்தார். பேடெக்கரின் பழைய பதிப்புகளே பகுதி பகுதியாகப் பிரித்து எடுத்துக்கொள்ளும்படி கட்டப்பட்டிருந்தன என்று பின்னால் தெரிந்தபோது மனம் கொஞ்சம் ஆறியது.

ஆனால் வெட்டியதில் ஒரு பிழை நேர்ந்தது. புத்தகத்தின் கடைசியில் இருந்த 'போக்குவரத்து, நடைமுறை' பக்கங்கள் எந்த ஊரிலும் சேராதவை. அவற்றை வீட்டு மேசையிலேயே விட்டுவிட்டோம். மே 17 அன்று பீசாவுக்குப் போக ஃப்ளோரன்ஸ் நிலையத்து இயந்திரத்தில் காகித டிக்கெட் வாங்கி ஏறினோம். பாதி வழியில் பரிசோதகர் வந்தார். டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, முத்திரை எங்கே என்று கேட்டார். உள்ளூர் ரயில்களுக்கான காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நடைமேடை அருகில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். நாங்கள் அதன் பக்கத்திலேயே நின்று டிக்கெட்டை எண்ணியிருக்கிறோம். அபராதம் கட்டினோம். வீடு திரும்பியதும் அந்தப் பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். தெளிவாக, தடித்த எழுத்தில், இயந்திரத்தின் படத்தோடு இருந்தது. பரிசோதகர் சொன்னது தப்பில்லை, புத்தகம் சொன்னதும் தப்பில்லை. வெட்டும்போது எதை எடுத்துப் போக வேண்டும் என்று நாங்கள் யோசித்த விதம்தான் தப்பு. ஊர்ப் பக்கங்கள் பார்ப்பதற்கு. நடைமுறைப் பக்கங்கள் தினமும் நடமாடுவதற்கு. அவற்றை முதலில் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

அதற்கு முந்தைய நாள்தான் குவிமாடம். கட்டடக் கலைஞர் ப்ரூனெல்லெஸ்கி கட்டிய அந்தப் பேராலயக் குவிமாடத்துக்கு 463 படிகள், லிஃப்ட் கிடையாது, முன்பதிவு செய்த நேரத்தில்தான் ஏற விடுவார்கள். அம்மாவின் ஏணிகளிலேயே பெரிய ஏணி அந்தப் பக்கத்தில்தான். எண் தெரிந்திருந்ததால் யார் ஏறுவது என்று வாசலில் நின்று பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கவில்லை, எனக்காக உங்கள் ஆசையைக் கெடுத்துவிட்டேன் என்று அம்மா சங்கடப்படவும் இல்லை. என் கணவருக்கும் மகளுக்கும் மட்டும் பதிவு செய்திருந்தோம்.

அந்த நேரத்தில் அம்மாவும் நானும் என்ன செய்வது என்பதற்கும் புத்தகத்தில் ஒரு குறிப்பு இருந்தது. எதிரே இருக்கும் ஞானஸ்நானக் கோவிலின் பொன் கதவுகளுக்கு முன்னால் எப்போதும் கூட்டம் நிற்கும். அங்கே இருப்பது நகல். சிற்பி கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை 27 வருடம் உழைத்துச் செய்த அசல் கதவுகள் பேராலயத்துக்குப் பின்னால் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே கூட்டம் குறைவு, லிஃப்ட் உண்டு. அம்மா அந்தப் பத்தியின் ஓரத்தில் நாற்காலி வரைந்திருந்தார்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பத்துப் பலகைகளும் முழு உயரத்துக்கு நின்றன. 1966 வெள்ளத்தில் அவற்றில் சில பிய்ந்து விழுந்ததும் அதற்குப் பிறகு பல வருடம் சுத்தம் செய்யப்பட்டதும் அம்மாவுக்கு முந்தைய இரவு படித்ததால் நினைவிருந்தது. எந்தப் பலகை விழுந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாற்பது நிமிடம் நாங்கள் பேசவே இல்லை. பிறகு மகள் முகம் சிவக்க, மூச்சு வாங்க வந்து, "463தான், நான் எண்ணினேன்" என்றாள்.

வெனிஸ்: வரைபடம் சொல்லாதது

வெனிஸில் தங்கும் இடத்தைப் புத்தகத்தின் ஒரே ஒரு வரியை நம்பித் தேர்ந்தெடுத்தோம். அந்த ஊரில் 400க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவை ஏறி இறங்கும் படிகள் கொண்டவை. எனவே நீர்ப்பேருந்து நிறுத்தத்துக்கும் உங்கள் விடுதிக்கும் நடுவில் பாலம் இல்லாதபடி இடம் பாருங்கள் என்றது புத்தகம். கைபேசி வரைபடத்தில் எல்லா விடுதிகளும் 'ஐந்து நிமிட நடை' என்றே காட்டின. பாலமும் சமதளமும் அதற்கு ஒன்றுதான். புத்தகத்தோடு வந்த மடிப்பு வரைபடத்தில் பாலங்களைப் பென்சிலால் வட்டமிட்டு எண்ணித்தான் பதிவு செய்தோம். சனிக்கிழமை நிறுத்தத்தில் இறங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டே வாசலுக்குப் போனோம். அதே நிறுத்தத்தில் இறங்கிய ஒரு குடும்பம் இரண்டு பெரிய பெட்டிகளை முதல் பாலத்தின் படிகளில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தது.

பெருங்கால்வாயின் முழு நீளத்துக்கும் மெதுவாக நின்று நின்று போகும் 1ஆம் எண் நீர்ப்பேருந்தையே ஊர் சுற்றும் வண்டியாக எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் அதில்தான் கிடைத்தது. அம்மா அதில் மூன்று முறை போனார், ஒரு தடவை விளக்குகள் எரிந்த பிறகு. அவருக்கு வெனிஸ் என்றால் அதுதான்.

உணவகங்களில் மட்டும் புத்தகம் எங்களுக்கு உதவவில்லை. அது சொன்ன மூன்றில் ஒன்று மூடிவிட்டிருந்தது. மற்ற இரண்டின் வாசலிலும் அதே புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டாம் நாளோடு அந்தப் பக்கங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தங்கிய இடத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டோம். ஒரே பெயரை ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லும்போது அந்த இடம் பழையபடி இருக்க வழியில்லை. அடுத்த முறை கையேடு வாங்கும்போது உணவகப் பக்கங்களைத் தேர்வுக்கான காரணமாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மின்நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே புத்தகத்தின் மின்பதிப்பும் கைபேசியில் இருந்தது. ஒரு சொல்லைத் தேட அது வசதி. இருட்டில், பஸ்ஸில், வரிசையில் உதவியது. ஆனால் வரைபடம் இரண்டு பக்கத்துக்கு விரிவதைக் கைபேசித் திரையில் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடிந்தது, ஓரத்தில் ஏணியும் நாற்காலியும் வரைய இடமில்லை. நான்கு பேர் சேர்ந்து குனிந்து பார்க்கவும் முடியாது.

வந்து ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு, ஃப்ளோரன்ஸுக்கு மட்டும் போகிற ஒரு தம்பதி அந்தப் புத்தகத்தைக் கேட்டார்கள். ஃப்ளோரன்ஸ் பகுதியையும், மேசையிலேயே இருந்துவிட்ட நடைமுறைப் பக்கங்களையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தேன். அம்மாவின் பென்சில் படங்களை அழிக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார்கள். முதல் பக்கத்தின் மேலே, நாங்கள் கட்டணங்களையும் நேரங்களையும் சரிபார்த்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியைச் சிவப்பு மையில் எழுதிவைத்தேன், அவர்கள் தங்கள் தேதியை எழுதப் பக்கத்தில் இடம் விட்டு.